கோகோ வெண்ணெய்க்கு எந்தச் சாயம் பிடிக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பிதழில், தீபாவளிக்கு வீட்டிலேயே வண்ணச் சாக்லேட் செய்வது குறித்து வெளிவந்த அரைப்பக்கக் குறிப்பைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால், கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெயை உருக்கி அதில் மளிகைக் கடையில் கிடைக்கும் உணவு நிறத் துளிகளையோ, அவை வேண்டாம் என்பவர்கள் பீட்ரூட் சாற்றையோ விட்டுக் கலந்து அச்சில் பூசினால் போதும் என்று அதில் எழுதப்பட்டிருந்த ஒரு வரி தவறானது. அதை நம்பி இந்தப் பண்டிகைக்கு எத்தனை வீடுகளில் கோகோ வெண்ணெய் பாழாகுமோ என்ற கவலையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். செய்முறையில் உள்ள பிழையை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் சமையல்காரன் அல்ல. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஷேடு (நிறச் சாயல்) பார்த்து, லேப் டிப் (சிறு துண்டில் மாதிரிச் சாயம்) போட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் துணித்துண்டின் நிறத்துக்கு நம் நிறத்தை ஒத்துப் போகச் செய்வதே தொழிலாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மருமகள் மூன்று ஆண்டுகளாக வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்கு ஏ.சி. போட்டு, ஆர்டரின் பேரில் சாக்லேட் செய்து விற்கிறார். அவருடைய மேசையில் நான் கண்டவை, பட்டறையில் நான் படித்த பாடங்களை ஒவ்வொன்றாக நினைவூட்டியதால் எழுதும் துணிவு வந்தது.

அவரும் முதலில் தங்கள் குறிப்பில் உள்ளபடியேதான் செய்தார். கேசரிக்கும் கேக்குக்கும் போடும் சிவப்புத் துளியை, உருகி எண்ணெயாக நின்ற கோகோ வெண்ணெயில் விட்டுக் கரண்டியால் கலக்கினார். துளி கரையவில்லை. குமிழ் குமிழாகப் பிரிந்து, கரண்டியை நிறுத்தியதும் பாத்திரத்தின் அடியில் போய்க் குந்திக்கொண்டது. பிடிவாதமாக இன்னும் பத்துத் துளி விட்டார். அச்சில் பூசி உறைய வைத்து மறுநாள் தட்டி எடுத்தபோது, சாக்லேட்டின் மேல் சிவப்பு நிறம் இல்லை; அம்மை போட்டது போல் சிவப்புப் புள்ளிகள்தான் இருந்தன. "ஏனுங்க மாமா, இது இப்படித் திட்டுத் திட்டா நிக்குது?" என்று அந்தத் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலியஸ்டர் துணியைப் பருத்திச் சாயத்தில் முக்கிவிட்டு, சாயம் ஏறவில்லையே என்று கேட்ட புதுப் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிது. கோகோ வெண்ணெய் என்பது முழுக்க முழுக்கக் கொழுப்பு. பெயரில் வெண்ணெய் இருந்தாலும், நம் வீட்டு வெண்ணெயில் இருப்பது போல் அதில் நீர் கிடையாது. கடையில் விற்கும் துளி நிறங்களோ நீரில் கரைபவை. பீட்ரூட்டின் சிவப்பும் நீரில் கரைவதுதான். நீல நிறத்துக்கு இப்போது பேசப்படும் ஸ்பைருலினா என்ற பாசியின் நீலமும் அப்படியே. இவற்றை உருகிய கொழுப்பில் விடுவது எண்ணெயில் தண்ணீர் விடுவதற்குச் சமம். அந்த வண்ணத்தை உருகிய சாக்லேட்டிலேயே விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்: அதிலுள்ள சர்க்கரை அந்தச் சிறு ஈரத்தைப் பிடித்துக்கொள்ள, பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் நொடியில் திரண்டு களிமண் போல் ஆகிவிடும்.

கோகோ வெண்ணெயில் நிறம் ஏற்ற இரண்டு வழிகள்தான் உண்டு. கொழுப்பிலேயே கரையும் நிறத்தைப் போடலாம். மஞ்சளின் குர்குமின், அன்னாட்டோ விதையின் பிக்சின், மிளகாய்ப் பழத்திலிருந்து எடுக்கும் சிவப்புப் பிசின், இலைப் பச்சையம் ஆகியவை இந்த வகை. அல்லது எதிலும் கரையாத, மாவாக அரைபட்ட நிறமியைக் கொழுப்பில் தூவி மிதக்க விடலாம். கரையும் சாயத்தை எப்படிக் கரையாத நிறமியாக மாற்றுகிறார்கள் என்று கேட்டால், அதில் நம் பாட்டன் காலத்து உத்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. மூலிகைச் சாயம் போட்ட காலத்தில் துணியை முதலில் படிகாரத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே அலுமினியத்தின் ஹைட்ராக்சைடு மாவின் மேல் உணவுச் சாயத்தைப் படிய வைத்துவிட்டால், அது நீரில் கரையாத தூளாகிறது. வியாபாரத்தில் இதற்கு 'லேக்' என்று பெயர். கோகோ வெண்ணெய்க்கு வாங்க வேண்டியது இந்த லேக் தூளைத்தான், அல்லது எண்ணெயில் கரையும் நிறத்தைத்தான். துணியில், நீரில் கரைந்து நூலோடு சேரும் ரியாக்டிவ் சாயத்துக்கும், கரையாத நிறமியை மேலே ஒட்டவைக்கும் பிக்மென்ட் பிரிண்டிங்குக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த எவருக்கும் இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

செய்முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோகோ வெண்ணெயை ஆவி படாமல் 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 100 கிராமுக்கு ஐந்து முதல் பத்து கிராம் தூள் என்ற கணக்கில், முதலில் தூளைக் கொஞ்சம் கொழுப்பில் குழைத்துப் பசையாக்கிக்கொண்டு, பிறகு மீதியைச் சேர்த்துக் கையடக்க பிளெண்டரால் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். (வடிகட்ட எங்கள் வீட்டில் பயன்படுவது துவைத்து வைத்த பனியன் துணி; திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை.) துகள் 30 மைக்ரானுக்கு மேல் இருந்தால் நாக்கில் மணல் மாதிரி படும். அதனால் சிலர் சிறிய கல் கிரைண்டரில் போட்டு மணிக்கணக்கில் அரைக்கிறார்கள். உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் அந்தக் கல் உருளை இயந்திரம், கோவையின் மாவரைக்கும் கிரைண்டரைப் பார்த்துப் பிறந்தது என்பதை இந்த ஊர்க்காரன் என்ற முறையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அரைத்த நிறத்தைக் கிளறிக்கொண்டே ஆறவிட்டு, ஏறத்தாழ 31 டிகிரியில்தான் அச்சில் பூச வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிக வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பாகவும், தட்டினால் அச்சை விட்டுக் கழன்று வரும்படி சுருங்கியும் உறையும். சூடாகவே பூசிவிட்டால் நிறம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு சாக்லேட் மட்டும் மொட்டையாக வெளியே வரும். இன்னொன்று: அச்சில் முதலில் பூசுவதுதான் கடைசியில் வெளியே தெரியும். எனவே கோலத்தைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். முதலில் புள்ளி, அதன் மேல் பூ, அதற்கும் மேல் பின்னணி. பின்னணியாக ஒரு வெள்ளைப் பூச்சு கொடுக்காவிட்டால், உள்ளே ஊற்றும் சாக்லேட்டின் பழுப்பு நிறம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ஷேடு விஷயத்தில் என் மருமகள் என்னிடம் கேட்ட ஒரே சந்தேகம், நீலம் ஏன் எப்போதும் பச்சை அடிக்கிறது என்பது. கோகோ வெண்ணெயே இளமஞ்சள் நிறம் உடையது; மஞ்சள் அடித்தளத்தில் நீலம் போட்டால் பச்சை வராமல் என்ன செய்யும்? வெளுக்காத பழுப்புத் துணியில் ஆகாய நீலம் கேட்ட வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொன்ன பதில்தான் இதற்கும்: முதலில் வெளுக்க வேண்டும். இங்கே வெளுப்பது என்றால் வெள்ளை நிறமி சேர்ப்பது. அந்த வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம் அதை உணவுக்குப் பாதுகாப்பானது என்று இனிக் கருத முடியாது என அறிவித்தது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. அரிசி மாவுச்சத்தும் கால்சியம் கார்பனேட்டும் மாற்றாகப் பயன்படுகின்றன. மறைக்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. நீலம் கொஞ்சம் பச்சையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் மருமகளிடம் சொல்லிவிட்டேன். வாங்குபவர்கள் இதுவரை யாரும் கேட்கவில்லை.

தங்கள் குறிப்பில் இல்லாத இன்னொரு தகவலும் வாசகர்களுக்குத் தேவை. நம் ஊர்ப் பக்கம் வீட்டுத் தயாரிப்பாகச் செய்யப்படும் சாக்லேட்டுகளில் பெரும்பாலானவை 'காம்பவுண்ட்' எனப்படும் கட்டியை உருக்கிச் செய்பவை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் கெட்டியாக்கிய, எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயும் கோகோ வெண்ணெயும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை; சேர்ந்தால் இரண்டும் இளகும், நாளடைவில் மேலே வெள்ளை பூக்கும். வண்ணக் கோகோ வெண்ணெயைக் காம்பவுண்ட் சாக்லேட்டின் மேல் பூசிவிட்டு, சித்திரை வெயிலில் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகிவிடும். மே மாதத் திருப்பூரில் ஓட்டு வீட்டுக்குள் அதைவிடச் சூடு அதிகம்.

இப்படிப் பாழாகும் பொருளின் விலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் மர நிழலில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. பழத்தை உடைத்து, விதையைப் புளிக்க வைத்து, காயவைத்து, விவசாயி மூட்டையாக விற்கிறார். தோல் நீக்கிய விதையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். ஆனாலும் தோப்புக்காரர் வீட்டுக்கே கோகோ வெண்ணெய் வேண்டுமென்றால் கடையில் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024 மார்ச் இறுதியில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது நினைவிருக்கலாம். அந்த ஆண்டில் மருமகள் ஒரு கிலோ கோகோ வெண்ணெயை வாங்கிவந்து, நகைப்பெட்டி மாதிரி பீரோவில் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி நான் முதலில் சொன்ன பெரிய விஷயத்துக்கு வருகிறேன். துளி நிறம் பலிக்கவில்லை என்றதும் மருமகள், கோவையில் கேக் சாமான் விற்கும் ஒரு கடையிலிருந்து ஐந்து சிறு டப்பாக்களில் தூள் நிறம் வாங்கிவந்தார். அவற்றில் ஒன்று பொன் நிறம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைப் பெயர் இருந்தது. 'நச்சற்றது' என்று இருந்தது. 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று இருந்தது. எந்தச் சாயம், அதன் எண் என்ன, எத்தனை சதவீதம், தயாரித்தவர் யார், உரிம எண் என்ன என்பவற்றில் ஒன்றுகூட இல்லை. கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். "நல்ல கலருங்க, எல்லாரும் இதையேதானுங்க வாங்கீட்டுப் போறாங்க" என்பது பதில். நான் பேசி முடித்துத் திரும்புவதற்குள் என் பேத்தி, "அப்பாரு, இங்க பாரு" என்று பொன் நிறம் பூசிய கரண்டியை நக்கிக் காட்டினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நச்சற்றது என்பதும் உண்ணத் தகுந்தது என்பதும் ஒன்றல்ல. சுண்ணாம்புக்கட்டியும் மெழுகு வண்ணக்குச்சியும்கூட நச்சற்றவையே. அவற்றை யாரும் தட்டில் வைத்துப் பரிமாறுவதில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018-ல் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகள் வாந்தி எடுத்து நோயுற்றபோது, அந்தக் கேக்கின் மேல் தூவிய பளபளப்புத் தூளில் பெரும்பகுதி செம்பு என்று தெரியவந்தது. மறு ஆண்டு மிசூரியில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததற்கும் கேக் அலங்காரத் தூளே காரணமாக இருந்தது. நம் மாநிலத்திலும் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி கண்டறியப்பட்டுத் தடை வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ரோஸ் நிறத்தை எனக்கு நன்றாகத் தெரியும். விரலில் பட்டால் மூன்று நாளைக்குச் சோப்புக்கும் அசையாது. துணிக்கும் காகிதத்துக்கும் உரிய சாயம் மிட்டாய்க்குள் போகாமல் தடுக்க, பொட்டலத்தின் மேல் அதன் பெயர் இருக்க வேண்டும்.

பெயர் மட்டும் போதாது, வீரியமும் (தூளில் உண்மைச் சாயம் எத்தனை பங்கு என்பதும்) வேண்டும் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நம் நாட்டு விதிகள் உணவில் அனுமதிக்கும் செயற்கைச் சாயங்கள் எட்டுதான். டார்ட்ரசின் 102, சன்செட் யெல்லோ 110, பிரில்லியன்ட் புளூ 133 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அனுமதி உள்ள உணவுகளில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். பத்து கிராம் எடையுள்ள ஒரு சாக்லேட்டின் மேல் 0.2 கிராம் வண்ணக் கோகோ வெண்ணெய் பூசியிருப்பதாகவும், அதில் ஐந்து சதவீதம் தூள் என்றும் வைத்துக்கொள்வோம். தூள் பத்து மில்லிகிராம் ஆகிறது. அந்தத் தூளில் உண்மைச் சாயம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் இரண்டு மில்லிகிராம். கிலோவுக்குக் கணக்கிட்டால் 200. வரம்பைப் போல் இரண்டு மடங்கு! சாயம் பத்தில் ஒரு பங்கு என்றால் சரியாக 100. தூளின் வீரியம் தெரியாதவரால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. நேர்மையாகத் தொழில் செய்ய நினைக்கும் ஒரு பெண், தான் விதிக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதை அறிய வழியே இல்லை. பட்டறையில் வீரியம் எழுதாத சாய டிரம்மை நாங்கள் வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டோம்.

1990-களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடுத்தபோது திருப்பூர் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு சாயத்துக்கும் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம். ஏதோ ஒரு தேசத்துக் குழந்தை உடலின் மேல் போடும் பனியனுக்கு, சாயத்தின் பெயர், தயாரிப்பாளர், பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்கும் ஊர் இது. இதே ஊரில், நம் குழந்தை வாயில் போடும் சாக்லேட்டின் நிறம் பெயரில்லாத டப்பாவில் வருகிறது. இதற்கு வீட்டில் தொழில் செய்யும் பெண்களைக் குறை சொல்வது நியாயமாகாது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் பண்டிகைக்கு முன் இனிப்புக் கடைகளில் மாதிரி எடுப்பதைப் போலவே, கேக் சாமான் கடைகளின் தூள் டப்பாக்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சாயத்தின் பெயர், எண், சதவீதம், கொழுப்பில் பயன்படுமா நீரில் பயன்படுமா என்ற விவரம் ஆகியவை தமிழிலும் அச்சிடப்படாத எதையும் உணவு நிறம் என்ற பெயரில் விற்க விடக்கூடாது என்பது என் கோரிக்கை.

இயற்கை நிறம் பக்கம் போகலாமே என்று கேட்பவர்களுக்கும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மஞ்சள் நிறத்துக்கு வேறெங்கும் போவானேன் என்று, அரைத்த மஞ்சளைச் சூடான கோகோ வெண்ணெயில் அரைமணி நேரம் வைத்து வடித்தோம். நிறம் அருமையாக இறங்கியது. வாசம் கொஞ்சம் இருந்தது. இஞ்சிச் சாக்லேட்டோடு அது சேர்ந்துபோனது. எனினும் பழைய புத்தி விடவில்லை. ஒரு காகிதத்தில் அந்த மஞ்சளைப் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மறைத்து, அந்த ஏ.சி. அறையிலேயே டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தேன். பட்டறையில் சாயத்தின் ஒளித்தாக்கத்தை இப்படித்தான் பார்ப்போம். ஒன்பதாம் நாள் அட்டையை எடுத்தபோது மறைந்திருந்த பாதி மஞ்சளாகவும், வெளிச்சம் பட்ட பாதி பழைய வேட்டி நிறமாகவும் இருந்தது. மஞ்சளில் முக்கிய துணியை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று என் தாயார் சொல்வது இதைத்தான். ஆகவே மஞ்சள் நிறச் சாக்லேட்டை மூடிய அட்டைப்பெட்டியில் வைத்து விற்கலாம். கண்ணாடி அலமாரியில் அடுக்கி விளக்குப் போட்டால் நிறம் நிற்காது.

தங்கள் அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், நீரில் கரையும் துளி நிறமும் காய்கறிச் சாறும் கோகோ வெண்ணெயில் சேரா என்ற ஒரு திருத்தத்தையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயரில்லாத அந்த ஐந்து டப்பாக்களை அன்றைக்குப் பிறகு நாங்கள் பயன்படுத்தவில்லை. இறுக மூடிய நிலையில் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. தங்கள் செய்தியாளர் எவரேனும் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற சாயப்பட்டறை ஆய்வக ஊழியர்,
திருப்பூர்.